கும்பிடுபூச்சி மேல உக்காந்திருந்தது

தப்பா நெனச்சுக்காதீங்க, நான் உங்க தோளுக்கு மேல எட்டி எட்டிப் பாக்கறது ரோட்டை இல்லீங்க. முன்னாடி, டிரைவருக்குப் பின்னால பாருங்க. ஜன்னலோரமா மயில்கழுத்து நெறத்துல சேலை. மடியில ஒரு பிளாஸ்டிக் டப்பாவ வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காளே, அவ என் சம்சாரமுங்க. தெய்வானைன்னு பேரு. பக்கத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு, அவ காதுக்குள்ள வாயக் கொண்டுபோய்ப் பேசிட்டிருக்கறது பிரபாவதி மேடம். பொள்ளாச்சியில ஏறுனதுல இருந்து ரெண்டு பேரும் வாய மூடல. கூட ஒருத்தன் வந்திருக்கானேன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்களான்னு கேளுங்க. இல்லீங்க.

டப்பாக்குள்ள என்னன்னு பாக்கறீங்க. பலகாரம் இல்லீங்க, பூச்சி முட்டை. ஒட்டியிருந்த குச்சியோடவே வெட்டி, பஞ்சு வெச்சு, கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் புரொபசர்கிட்டக் கொண்டுபோறாங்க. நல்லாக் கவனிங்க, கொண்டுபோறது அவங்க ரெண்டு பேரு, கூடப் போறது நான். இந்தப் பூச்சி விவகாரத்தையே ஆரம்பிச்சு வெச்சவன் நானுங்க! அதான் வயிறு எரியுது.

வயிறு எரியுதுன்னா உடனே பொறாமைன்னு எடுத்துக்காதீங்க. எனக்கு அதெல்லாம் கிடையாது. நியாயம் கேக்கறேன், அவ்வளவுதான். நீங்க வெளியாளு, கேட்டுட்டுச் சொல்லுங்க.

எனக்குப் பொள்ளாச்சியில மோட்டார் பம்ப் கடைங்க. பையன் தலையெடுத்து, கடைய நான் பாத்துக்கறேன்னு உக்காந்துட்டான். நான் வீட்டோட வந்துட்டேன். சும்மா இருந்து பழக்கமில்ல. ஒரு நல்ல கேமரா வாங்குனேன். பூச்சிப் புஸ்தகமா வாங்கி அடுக்குனேன். அப்புறம் வாட்ஸ்அப்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சேன், 'பொள்ளாச்சி பூச்சி நண்பர்கள்'னு. வாத்தியாருங்க, வக்கீலு, தோப்புக்காரங்க, சொந்தபந்தம், ஒரம்பரைன்னு தெரிஞ்சவங்க எல்லாத்தையும் நானே சேத்து விட்டேன். அவங்கவங்க வீட்டுலயும் தோட்டத்துலயும் எந்தப் பூச்சியப் பாத்தாலும் போன்ல படம் புடிச்சுப் போடுவாங்க. கீழ 'ஐடி ப்ளீஸ்'னு ஒரு வரி. அதாவது, இது என்ன இனம், பேர் சொல்லுங்கன்னு.

பேர் சொல்றது நானுங்க. வேற யாரு? படம் வந்து விழுந்த சத்தம் அடங்கறதுக்குள்ள என் பதில் போயிரும். தமிழ்ப் பேரு, இங்கிலீஷ் பேரு, அடுத்த வரியில லத்தீன் பேரு. லத்தீன் பேர் போட்டா அதுக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க. படமா போடுவாங்க அதெல்லாம்? பாதி றெக்கை இருக்கும், பாதி கட்டைவெரல் இருக்கும். ஒருத்தரு அவரு மருமகன் கல்யாண போட்டோவ அனுப்பி, மாலை மேல ஒரு விட்டில் உக்காந்திருக்கு பாருங்க, அது என்னண்ணான்னாரு. அதுக்கும் பேர் சொன்னேன். பந்தியில உக்காந்து சோத்துல கைய வெச்சிருப்பேன், போன் சத்தம் குடுக்கும், எடங்கையாலயே அடிச்சு விட்ருவேன். 'நாச்சிமுத்து அண்ணன் சொன்னா முடிஞ்சுது'ம்பாங்க. கும்பிடற பொம்மை வரிசையா வந்து நிக்கும். காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்தாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடியும்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த எடத்துலதானுங்க இந்தப் பிரபாவதி அம்மா வந்து சேந்தாங்க. உடுமலையில கண்ணாடிக் கடை வெச்சிருக்காங்க, மூக்குக் கண்ணாடிக் கடை. எந்த மகராசன் சேத்து விட்டானோ தெரியல. கொஞ்ச நாளு சத்தமில்லாம இருந்தாங்க. ஆனைமலையில இருந்து ஒரு வாத்தியாரு பூ மேல தேனீ உக்காந்த மாதிரி ஒரு படம் போட்டாரு. நான் 'தேனீ'ன்னு போட்டேன். மஞ்சளா இருக்கு, கோடு கோடா இருக்கு, பூ மேல இருக்கு. வேற என்னவா இருக்கும்? இந்த அம்மா கீழ எழுதறாங்க: 'ஐயா, இதுக்கு ரெண்டு றெக்கைதான் தெரியுது, தேனீக்கு நாலு உண்டு. இது தேனீ மாதிரி வேஷம் போடற ஒரு ஈங்க.'

ஒரு ஜோடி றெக்கை கூடக் கொறைய இருந்துட்டுப் போகட்டுமே! அந்த வாத்தியாரு என்ன, றெக்கைய எடை போட்டா வாங்கப் போறாரு? நான் விட்டுட்டேன். பெருந்தன்மையா ஒரு கட்டைவெரலும் போட்டேன்.

அதுக்கப்புறந்தானுங்க அந்த அம்மாவோட வித்தையே தெரிஞ்சுது. படம் வந்தா பேர் சொல்ல மாட்டாங்க. கேள்வி கேப்பாங்க. எந்தச் செடி மேல இருந்துச்சு? தனியா இருந்துச்சா, கூட்டமாவா? என்ன பண்ணிட்டிருந்துச்சு? பக்கவாட்டுல இன்னொரு படம் இருக்குங்களா? இத்தனையும் கேட்டுட்டுக் கடைசியில என்ன சொல்வாங்கங்கறீங்க? 'இது இன்ன குடும்பத்துப் பூச்சி. அதுக்கு மேல இந்தப் படத்தை வெச்சுச் சொல்ல முடியாது.' அவ்வளவுதான். அதுக்குக் கைதட்டறாங்கய்யா! கும்பிடறாங்க, பூச்செண்டு போடறாங்க. 'எவ்வளவு பொறுப்பாச் சொல்றீங்க மேடம்'ங்கறாங்க. தெரியாதுங்கறதுக்குப் பூச்செண்டு நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? என் கடைக்கு ஒருத்தன் மோட்டாரத் தூக்கிட்டு வந்து, இது ஏன் ஓடலைங்கறான். 'இது மோட்டார் குடும்பங்க, அதுக்கு மேல சொல்ல முடியாது'ன்னா நாளைக்கு எவன் வருவான்?

நான் பேர் சொல்றப்ப குரூப்பு சுத்தமா இருந்துச்சுங்க. படம், பேரு, நன்றி, முடிஞ்சுது. இப்ப ஆளாளுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எங்க மாட்டுக் கொட்டாயில பாத்தேன், மழை விட்டதும் வந்துச்சு, அதோட பொண்டாட்டி பக்கத்துல இருந்துச்சுன்னு ஒரே பேச்சு. சந்தைக்கடை ஆயிருச்சு.

குரூப்பு என்னுது. அட்மின் நானு. ஒரு சட்டம் போட்டேன்: 'பேர் தெரிஞ்சவர்கள் மட்டும் பதில் அளிக்கவும்.' யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலீங்க, பொதுவாத்தான். அந்த அம்மா 'சரிங்க ஐயா'ன்னு ஒரு வரி போட்டுட்டு அமைதியாயிட்டாங்க. சண்டை போட்டிருந்தாலாச்சும் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். குரூப்பும் அமைதியாயிருச்சு. ரொம்ப அமைதி. காலையில எந்திரிச்சுப் பாத்தா குட்மார்னிங் ரோசாப்பூ மட்டும் வந்து கெடக்குது. என்னடான்னு விசாரிச்சா, எல்லாப் பயலும் படத்தை நேரா அந்த அம்மா நம்பருக்கே அனுப்பிட்டிருக்கானுங்க! எங்க சொந்த மச்சினன் உட்பட. என்ன பண்றது, சட்டத்தை எடுத்தேன். 'எல்லாரும் வரலாம், எல்லாரும் பேசலாம்'னு பெரிய மனசு பண்ணி எழுதிப் போட்டேன். அதுக்கும் ஒருத்தனும் கும்பிடல.

இப்ப வாறேனுங்க தெய்வானைகிட்ட.

அவளையும் ஆரம்பத்துலயே குரூப்புல சேத்திருந்தேன். அவ எதுவும் போட மாட்டா. போன வருசம் மழைக்காலத்துல ஒரே ஒரு தடவை ஒரு படம் போட்டா. நான் கூடத்துல உக்காந்திருக்கேன், அவ வெளிய செடிகிட்ட நிக்கறா, அங்கிருந்தே படத்தைக் குரூப்புல போட்டு 'இது என்னங்க'ன்னு கேட்டிருக்கா. வீட்டுக்குள்ள வந்து கேட்டிருக்கலாம். எல்லாரும் பாக்க எம்புருசன் பேர் சொல்லட்டும்னு நெனச்சிருப்பா, பாவம். படத்தைப் பாத்தேன். கறிவேப்பிலைக் கொப்புல கும்பிடுபூச்சி. கண்ண மூடிட்டுச் சொல்லலாம். 'கும்பிடுபூச்சி. எல்லா இடங்களிலும் சாதாரணமாகக் காணப்படும்.' லத்தீன் பேரும் சேத்தேன். 'புள்ள, பேர் போட்டுட்டேன் பாரு'ன்னு சத்தங்கூடக் குடுத்தேன். அவ 'சரிங்க'ன்னு போட்டா. அதோட முடிஞ்சுது. அப்புறம் அவ படம் போடல, நானும் கேக்கல.

இந்த அம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கமுங்க. வேலை இல்லாதப்போ குரூப்புல பழைய படமாத் தேடிப் போய்ப் பாப்பாங்க. நான் பேர் சொல்லி முடிச்ச படத்தை! அடக்கம் பண்ணுனதத் தோண்டற மாதிரி. அப்படிப் போனவங்க இந்தப் படத்துக்குக் கீழ ஒரு கேள்வி எழுதியிருக்காங்க: 'தெய்வானை அம்மா, நீங்க கேட்டது கும்பிடுபூச்சியவா, இல்ல அது முதுகு மேல உக்காந்திருக்கற சின்னதையா?'

நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள தெய்வானைகிட்ட இருந்து பதில் வந்துருச்சுங்க. 'சின்னதைத்தாங்க.'

படத்தைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். கும்பிடுபூச்சியோட றெக்கை முளைக்கற எடத்துல கறுப்பா ஒண்ணு. எள்ளு. எள்ளுல பாதி. நான் தூசின்னு நெனச்சேன். இல்ல, தூசின்னுகூட நெனைக்கல, உண்மையச் சொன்னா பாக்கவே இல்ல. எவனுங்க பாப்பான்? அத்தாம் பெரிய கும்பிடுபூச்சி கைய மடிச்சுக்கிட்டு முன்னால நிக்குது, எவனாச்சும் அது முதுகுல என்ன ஒட்டியிருக்குன்னு பாப்பானா?

அந்த அம்மா வழக்கம்போல ஆரம்பிச்சாங்க. எவ்வளவு நாள் இருந்துச்சு, என்ன பண்ணுச்சு. அப்பத்தானுங்க தெய்வானை எழுத ஆரம்பிச்சா. எழுதறா எழுதறா, கீழ போயிட்டே இருக்கு. அது ஒரு குட்டிக் குளவியாம். பறந்து வந்து கும்பிடுபூச்சி மேல உக்காந்ததும் தன் றெக்கையத் தானே ஒடிச்சுப் போட்டுருச்சாம். அதுக்கப்புறம் எறங்கவே இல்லையாம். கும்பிடுபூச்சி எலுமிச்சைக்குப் போனா அதுவும் போச்சாம், கறிவேப்பிலைக்கு வந்தா அதுவும் வந்துச்சாம். மழை பேஞ்சா றெக்கைக்கு அடியில பூந்துக்குமாம். கடைசியில கும்பிடுபூச்சி ஒரு குச்சியில நொரை நொரையா முட்டை வெச்சப்பதான் எறங்கி, அந்த நொரைக்குள்ள நடந்து போச்சாம். இதையெல்லாம் இவ தண்ணித் தொட்டி மேல உக்காந்து நாள் தவறாமப் பாத்திருக்கா. நான் பத்தடி தூரத்துல கூடத்துல உக்காந்து ஊர்ப் பூச்சிக்கெல்லாம் பேர் சொல்லிட்டிருந்திருக்கேன்.

கேட்டேனுங்க. 'ஏம்புள்ள, இத்தனை தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே'ன்னேன். அவ அரிசி பொடைச்சிட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. 'நீங்கதான் பேர் சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறம் என்ன சொல்றது?'ங்கறா.

இதுல என் தப்பு எங்கீங்க இருக்குது? பேர் கேட்டாங்க, பேர் சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்றது ஒரு குத்தமா?

அன்னியில இருந்து தெனமும் மத்தியானம் போனு. உடுமலையில கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து அந்த அம்மா கூப்புடுவாங்க. இவ போனத் தூக்கிட்டுச் செடிகிட்டப் போயிருவா. நான் கதவுகிட்ட நிப்பேன். ஒட்டுக் கேக்கலீங்க, சும்மா நிப்பேன். சிரிக்கறாங்க. தெய்வானை கெக்கேன்னு சிரிக்கறா. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்குன்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியாது.

அந்த அம்மா படத்தைக் காலேஜ் புரொபசருக்கு அனுப்பி வெச்சாங்க. அவரு துள்ளிக் குதிச்சுட்டாராம். இந்தப் பக்கத்துல இப்படி ஒண்ணை இதுக்கு முன்னாடி யாரும் படம் புடிச்சதா அவருக்குத் தெரியலையாம். புதுசா இருந்தாலும் இருக்கலாமாம். காஞ்சு போயிருந்தாலும் பரவால்ல, குச்சியில ஒட்டியிருக்கற அந்த நொரை முட்டைய எடுத்துட்டு வாங்க, கட்டுரை எழுதலாம், படம் எடுத்தவங்க பேரப் போடறேன்னு சொல்லியிருக்காரு. அவரு தெய்வானைகிட்டப் பேசக் கூப்புட்டப்ப நான் போன வாங்கி, 'சார், நான்தான் அட்மின், படத்துல இருக்கற கும்பிடுபூச்சிய அடையாளம் சொன்னது நான்தான்'னேன். அவரு ரொம்ப மரியாதையா, 'சந்தோசம் சார். அந்தக் கறிவேப்பிலை வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கு? வெயில் எப்ப விழும்?'னு கேட்டாரு. பின்பக்கம், மதியான வெயில்னேன். தெய்வானை பக்கத்துல நின்னுக்கிட்டு, 'பின்னாடி இருக்கறது முருங்கைங்க. கறிவேப்பிலை சைடுல தொட்டிகிட்ட இருக்கு, காலை வெயில்'ங்கறா. அவருக்கும் கேட்டிருக்கும். ஏதோ பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன், என் வீட்டு மரம் எனக்குத் தெரியாமயா இருக்கும்?

நானும் விடலீங்க. அதிர்ஷ்டத்துல எடுத்த ஒரு படந்தானே, போன்ல எடுத்தது. என் கேமரா என்ன வெலைன்னு தெரியுங்களா? காலங்காத்தால எந்திரிச்சுச் செடி செடியாத் தேடுனேன். முட்டியில செராய்ப்பு, சட்டையெல்லாம் பிசினு. ஒரு நாள் மாட்டுச்சு பாருங்க. கும்பிடுபூச்சி, அது கழுத்துக்குக் கீழ கறுப்பா ஒரு பொட்டு! எடுத்தேன், போட்டேன். 'இதோ இன்னொன்று! கண்டுபிடித்தவர்: நாச்சிமுத்து.' கும்பிடற பொம்மை வருமின்னு போனப் பாத்துட்டே உக்காந்திருக்கேன். அந்த அம்மா ரொம்ப நேரம் கழிச்சு, 'அருமையான படம் ஐயா. ஆனா இதை வெச்சு உறுதியாச் சொல்ல முடியல'ன்னு எழுதறாங்க. அதுக்கும் எல்லாரும் அந்த அம்மாவுக்குத்தான் கைதட்டறானுங்க. தெய்வானை என் தோள் வழியா எட்டிப் பாத்தா. 'அது தூசிங்க'ன்னுட்டுச் சாம்பாரத் தாளிக்கப் போயிட்டா.

அது தூசிதானுங்க. நான் பொறவு அந்தச் செடிகிட்டப் போய் ஊதிப் பாத்தேன், பொட்டு பறந்துருச்சு.

இன்னிக்குக் காலையில பாருங்க, பஸ் ஸ்டாண்டுல அந்த டப்பாவ வாங்கிக்கலாம்னு கைய நீட்டுனேன். கனக்கும்னு இல்ல, என் கையிலயும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு. 'வேண்டாங்க, நீங்க போன எடுக்கறப்ப ஆட்டிருவீங்க'ன்னு சொல்லிட்டா. பஸ் வந்துச்சு. அவ ஜன்னலோரம் உக்காந்தா. நான் பக்கத்துல போய் உக்காரலாம்னு குனியறேன், அந்த அம்மா ஏறி வந்தாங்க. தெய்வானை என்ன சொன்னாங்கறீங்க? 'ஏனுங்க, பின்னாடி எடம் இருக்கு பாருங்க'ன்னா. எடம் இருந்துச்சுங்க. உங்க பக்கத்துலதான்.

சிரிக்காதீங்க. சரி, பொறாமைன்னே வெச்சுக்குங்க. ஆமாங்க, பொறாமைதான். வயிறு பத்தி எரியுது. பூச்சி மேல இல்ல, கட்டுரையில பேர் வர்றது மேல இல்ல, அந்த அம்மாவுக்கு வர்ற பூச்செண்டு மேலகூட இப்ப இல்லீங்க. முப்பது வருசத்துக்கு மேலாச்சு எங்களுக்குக் கண்ணாலம் ஆகி. சோறு போடட்டுமா, மாத்திரை போட்டீங்களா, கேஸ் வந்துருச்சா. இதுக்கு மேல அவ என்கிட்டப் பேசுனதில்ல. அவ அதிகம் பேசாதவன்னுதான் நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டிருந்தேன். 'எங்க வீட்டுல அமைதிங்க, வாயே தொறக்க மாட்டா'ன்னு பெருமையாச் சொல்லுவேன். இப்ப அங்க பாருங்க, எப்படிக் கையெல்லாம் ஆட்டிப் பேசறா. அத்தனை பேச்சும் இவ்வளவு நாளா எங்க இருந்துச்சுங்க? வீட்டுக்குள்ளதானே இருந்திருக்கணும்? அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதானே கேட்டாங்க!

நான் கேட்டுப் பாத்தேனுங்க. கேக்காம இல்ல. நேத்து சாயங்காலம், அவ காப்பி கொண்டுவந்தப்ப, 'இன்னிக்கு என்ன பாத்தே'ன்னு கேட்டேன். அந்த அம்மா கேக்கற அதே மாதிரி மெதுவாத்தான் கேட்டேன். அவ டம்ளரக் கீழ வெச்சா. 'ஏனுங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?'ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

எந்திரிக்கறீங்க? ஈச்சனாரி வந்துருச்சுங்களா? அடடா, நான்பாட்டுக்குப் பேசிட்டே வந்துட்டேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் பின்வாசல்ல கூட்டமா இருக்கு, நீங்க முன்வாசல் வழியா எறங்குங்க. அவங்க சீட்டுக்கிட்ட ஒரு நிமிசம் நில்லுங்க, கம்பியப் புடிச்சுட்டு, யாருக்கும் சந்தேகம் வராது. என்ன பேசிச் சிரிக்கறாங்கன்னு மட்டும் காதுல வாங்கிக்குங்க. என்னைப் பத்தியான்னு பாருங்க. கிண்டலா இருந்தாலும் பரவால்லீங்க. அந்தத் தூசிப் படத்தைச் சொல்லிச் சிரிச்சாக்கூடப் பரவால்ல. என்னைப் பத்தின்னா, எறங்கறப்ப என்னையத் திரும்பிப் பாத்து லேசாத் தலைய ஆட்டுங்க.

என்னைப் பத்தி இல்லைன்னா, திரும்பாமப் போயிருங்க.